பிந்தி வந்த தளபதி

பெருநாள் மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தா, ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களில் நாங்கள் வளர்ந்த கதையைச் சிரிப்பாக எழுது என்று கேட்டிருக்கிறீர்கள். ஐம்பதைத் தாண்டியதும் எங்கள் ஆட்களைப் பிடிக்கும் வியாதி இது. முதலில் கொலஸ்ட்ரோல், அடுத்தது மலர். சிரிப்புக்கு அங்கே பஞ்சமில்லைதான். பழுதான லிஃப்ற்றுக்குள் அகப்பட்டு முழுச் செபமாலையும் சொல்லி முடித்த அன்ரிமாரும், பல்கனியில் கருவாடு காயப்போட்டுக் கட்டடக்காரனிடம் ஏச்சு வாங்கிய மாமாவும் உங்களுக்கும் நினைவிருப்பார்கள். அவர்களை வேறு யாராவது எழுதட்டும். எனக்கு ஒரேயொரு பனிக்காலம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அப்போது எனக்குப் பதினொரு வயது. நீங்கள் எல்லோரும் ஹொக்கி அட்டை சேர்த்துக்கொண்டிருந்தபோது நான் இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முந்திய ஒரு கிரேக்கப் போருக்குள் குடியிருந்தேன்.

உங்களில் பலர் முதல் வள்ளத்தில் என்னோடு வந்தவர்கள். பிறகு பிறந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மன்னார்க் கரையில் இருந்த எங்கள் ஊர் ஆமிக்குப் பயந்து ஒரே இரவில் எழும்பி வெளிக்கிட்டது. பெண்களும் பிள்ளைகளும் முதல் வள்ளத்தில், ஆண்கள் இரண்டாவதில் என்று ஏற்பாடு. விடியுமுன் நடுக்கடலைத் தாண்டிவிட்டால் இராமேஸ்வரம். ஏற்பாடு செய்தவர் என் அப்பா. பள்ளிக்கூட ஆசிரியர், கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர். ஊருக்கே அவர் ‘தலைவர்’. முதல் வள்ளம் சொன்ன நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது வள்ளம் விடிந்த பிறகுதான் கரையை விட்டது. கரையில் வந்து நின்ற ஆமிக்காரர் சுட்டார்கள். நான்கு பேர் செத்தார்கள். வள்ளத்தை ஓட்டியவரும் அதில் ஒருவர். அப்பா தப்பினார்.

வள்ளம் ஏன் பிந்தியது என்பது எங்கள் வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரியும். “நான் வருமட்டும் எடுக்கவேண்டாம்” என்று சொல்லிவிட்டு அப்பா சங்கக் கந்தோருக்குத் திரும்பிப் போனார். சங்கத்தின் ரப்பர் முத்திரையை எடுக்க. அலுமாரித் திறப்பு காரியதரிசியிடம் இருந்தது, அவர் ஏற்கெனவே கரைக்குப் போய்விட்டார். பூட்டை உடைக்க நேரம் எடுத்தது. உயிர் தப்பி ஓடும்போதும் முத்திரையை நினைப்பவர் எங்கள் ஆட்களில்தான் பிறப்பார். ஆனால் அவருக்கு அது விளையாட்டல்ல. அக்கரையில் நாங்கள் யாரென்று யார் நம்புவார்கள், முத்திரையில்லாத கடிதத்தை எவன் மதிப்பான் என்று நினைத்தார். அவர் நினைத்தது முழுப் பிழையும் இல்லை. இந்தியாவில் அகதி முகாமில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர் எழுதிக் கொடுத்த கடிதங்களில் அந்த முத்திரை இருந்தது. உங்கள் வீட்டுப் பழைய ஃபைல்களில் தேடிப்பாருங்கள், ஊதா மையில் ஒரு நீள்வட்டம், நடுவில் ஒரு மீன். கனடா வந்த பிறகு அது எங்கள் குசினி மேசை லாச்சியில் கரண்டிகளுக்குக் கீழே கிடந்தது. அதை என் புறங்கையில் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். பிறகு எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ தெரியவில்லை.

சூடுபட்டுச் செத்த வள்ளமோட்டியின் மனைவி எங்கள் தளத்திலேயே, எதிர்க் கதவில் இருந்தார். நான் அன்ரி என்று கூப்பிடுவேன். அப்போது அவருக்கு முப்பதுகூட இருக்காது. ஒரு ஹொட்டலில் படுக்கை விரிப்புகள் தோய்க்கும் வேலை. கைகள் எப்போதும் சிவந்து, புளீச் மணத்தோடு இருக்கும். அவருடைய மகளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, அன்ரி வேலையால் வரும்வரை என்னோடு இருப்பாள்.

அந்த வருடம்தான் எங்கள் ஊர்ப் பெருநாளை இங்கே முதன்முதலாகக் கொண்டாடுவது என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். பெருநாள் என்றால் மலர் வேண்டும். மலர் என்றால் பங்குச் சுவாமியின் ஆசிச் செய்தி, நகைக்கடை விளம்பரம், ஊர் வரலாறு. வரலாற்றுக்குத் தலைவரை விட்டால் யார்? ஊர் தோன்றியதிலிருந்து நாங்கள் வெளிக்கிட்டது வரைக்கும் எழுதித் தாருங்கள் என்று அப்பாவைக் கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அன்ரி எங்கள் கதவைத் தட்டினார். உள்ளே வந்தும் கோட்டைக் கழற்றவில்லை. சப்பாத்தில் ஒட்டியிருந்த பனி கரைந்து கம்பளத்தில் ஊறியது.

“மாஸ்ரர், வெளிக்கிட்ட கதை எழுதப்போறியளாம்.”

“ஓம் பிள்ளை.”

“ஒரு வரி எழுதிவிடுங்கோ. வள்ளம் உங்களுக்காகத்தான் நிண்டது எண்டு. நீங்கள் ஏன் திரும்பிப் போனனீங்கள் எண்டு நான் கேக்கேல்லை. அவர் உங்கட சொல்லுக்காக நிண்டவர் எண்டு மட்டும் எழுதுங்கோ. தப்பி வந்த மற்ற ஆக்கள் ஒவ்வொரு நாட்டில. இஞ்ச சனம் வாய்க்கு வந்தமாதிரிக் கதைக்குது. என்ர பிள்ளை வாசிக்கப் பழகுது, மாஸ்ரர்.”

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு “எழுதுவன்” என்றார்.

அன்ரி போனதும் அம்மா குசினியிலிருந்து வந்தார். “எழுதிப்போட்டு என்ன முகத்தோட பூசைக்குப் போறது? செத்த நாலு பேற்ற சனமும் எங்கட வாசல்ல வந்து நிக்கும். பேசாம இருங்கோ.” அப்பா பேசாமல்தான் இருந்தார். ஆனால் மறுநாள் என்னிடம் ஒரு துண்டைத் தந்தார். பெரிய ஆங்கில எழுத்துகளில் வாயில் நுழையாத ஒரு பெயர்.

“இதை லைப்ரரியில குடுத்துக் கேள். போரைப் பற்றி எழுதுறதெண்டால் இவனிட்டத்தான் படிக்கவேணும். கிரேக்கன். சும்மா இருந்து எழுதினவன் இல்லை, தளபதியா நிண்டவன்.”

நூலகத்துப் பெண்மணி புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, பள்ளிக்கூடத்துக்கா என்று கேட்டார். என் அப்பாவுக்கு என்றேன். அன்று எனக்கிருந்த பெருமிதம் பிறகு எந்தப் பட்டம் வாங்கியபோதும் வரவில்லை. செங்கல் மாதிரிக் கனம். அரிசிச் சாக்கைப் போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஷேர்போர்ன் வீதிப் பனியில் வழுக்கி வழுக்கி நடந்து வந்தேன்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்றில்லை. கந்தோர்க் கடிதங்களை அகராதி வைத்து மெதுவாக வாசிப்பார். இந்தப் புத்தகத்தின் எழுத்து பொடி, வசனம் அரைப் பக்கம். அதனால் வாசித்துத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு. எங்கள் வீட்டின் வாய் நான்தானே. டொக்டரிடம், வாடகைக் கந்தோரில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் நான்தான். வகுப்பில் ஓயாமல் அலட்டுகிறாள் என்று ரீச்சர் முறையிட்டால், “நல்லாக் கதைக்கிறாவாம்” என்று அம்மாவிடம் சொல்வேன். அம்மா ரீச்சருக்கு நன்றி சொல்வார். மொழிபெயர்க்கிறவளுக்கு இருந்த அதிகாரம் அந்தக் கிரேக்கத் தளபதிகளுக்குக்கூட இருந்திருக்காது.

நாலு மணிக்கு வாசிப்பு தொடங்கும். ஐந்தரைக்கு அப்பா கிளீனிங் வேலைக்குப் போகவேண்டும். அவர் நின்றபடி நீலச் சேட்டை அயன் பண்ணுவார். ஹீற்றர் சீறும். ஈரத் துணியின் ஆவி மணம் அறை முழுக்க நிற்கும். அன்ரியின் மகள் நிலத்தில் படுத்திருந்து நிறம் தீட்டுவாள். நான் ஏதென்ஸையும் ஸ்பார்ட்டாவையும் சண்டை பிடிக்க வைப்பேன்.

அப்பாவுக்குப் பிடித்தவை பேச்சுகள். சண்டைக்கு முன்னும் பின்னும் யாராவது எழும்பிப் பக்கக் கணக்கில் பேசுவார்கள். “இதெல்லாம் அவன் நேர கேட்டு எழுதினதோ?” என்று கேட்டார். எல்லாம் அப்படியே ஞாபகமில்லை, அந்தந்த நேரத்தில் அவரவர் சொல்லியிருக்க வேண்டியதை எழுதினேன் என்று ஆசிரியரே தொடக்கத்தில் ஒப்புக்கொள்கிறார் என்றேன். “பாத்தியோ, இட்டுக்கட்டினதையும் சொல்லிப்போட்டான். நேர்மையான மனிசன்” என்றார். ஏதென்ஸின் பெரிய தலைவர் ஒருவர், கொள்ளைநோயும் போரும் சேர்ந்து வாட்டிய நேரம், தன்மேல் கோபமாயிருந்த சனத்தின் முன்னால் எழும்பி நின்று, நான் மாறவில்லை, மாறியது நீங்கள்தான் என்று சொல்லும் இடம் ஒன்று உண்டு. அதை அப்பா மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். அயன்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் தானும் சொல்லிப் பார்த்தார். சனத்துக்குப் பிடிக்காததைச் சொல்ல ஏலாதவன் தலைவனில்லை என்றார். அப்பாவுக்கு நாடகப் பைத்தியம் என்று அப்போது நினைத்தேன். அவர் தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது இப்போது விளங்குகிறது.

ஒரு நாள் இன்னொரு கதை வந்தது. தங்களை எதிர்த்த தீவொன்றின் ஆண்களை எல்லாம் கொல்லச் சொல்லி ஏதென்ஸ்காரர் ஒரு கப்பலை அனுப்புகிறார்கள். மறுநாள் மனம் மாறுகிறது. நிறுத்தச் சொல்லி இரண்டாவது கப்பல் புறப்படுகிறது. வலிக்கிறவர்கள் துடுப்பை விடாமலே சாப்பிடுகிறார்கள், முறை வைத்துத் தூங்குகிறார்கள். அன்ரியின் மகள் நிறப்பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழும்பி உட்கார்ந்தாள்.

“ரெண்டாவது கப்பல் போய்ச் சேந்திட்டுதா அக்கா?”

“சேந்திட்டுது. கடைசி நிமிசத்தில.”

“அப்ப அது பிந்தேல்லை” என்று தலையாட்டிவிட்டுத் திரும்பப் படுத்து நிறம் தீட்டினாள். கருகல் மணம் வந்தது. அப்பா அயன்பெட்டியை எடுக்க மறந்து நின்றார். சேட்டின் கழுத்தில் மண்ணிறமாய் ஒரு அடையாளம். அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

இனித்தான் என் பங்கு. நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அறை இருந்தது அல்லவா, அங்கே சூடான டிரையருக்கு மேல் ஏறியிருந்து ஒரு சனிக்கிழமை புத்தகத்தின் முன்னுரையை வாசித்தேன். எழுதிய தளபதியின் வாழ்க்கை அதில் இருந்தது. ஒரு நகரத்தைக் காப்பாற்ற அவரை அனுப்பினார்கள். அவர் பிந்திப் போனார். நகரம் விழுந்தது. அதற்காக இருபது வருடம் அவர் நாட்டுக்குள் வரமுடியாமல் போனது.

புத்தகத்தைப் படக்கென்று மூடினேன். எங்கள் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. மண்ணிறக் கடித உறை வந்தாலே அம்மா சிலுவை போடுவார். என் கணக்கு நேரானது: பிந்தி வந்த தளபதியை நாடு கடத்தினார்கள், அப்பாவும் பிந்தி வந்தவர், அதை மலரில் எழுதினால் எங்களையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கனடா அரசாங்கம் மலர் வாசிக்கும் என்று நான் உறுதியாக நம்பினேன். எங்கள் ஆட்களே மலர் வாசிப்பதில்லை என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது.

தளபதி பிந்திய அந்தப் பக்கம் மார்ச் மாதத்தில் வந்தது. பல்கனிக் கம்பியிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. அன்ரியின் மகளுக்குக் காய்ச்சல், அன்று வரவில்லை. வழக்கத்துக்கு மாறாக அப்பா அயன்பெட்டியை நிறுத்திவிட்டு என் எதிரே கதிரையில் உட்கார்ந்தார். புத்தகத்தில் இருந்தது சின்ன விஷயம். தளபதி அரைநாள் கடல் தூரத்தில் ஒரு தீவில் இருக்கிறார். ஆள் வந்து சொன்னதும் ஏழு கப்பலோடு விரைகிறார். அதற்குள் எதிரி, உங்கள் உடைமைகளோடு இருக்கலாம், சரணடையுங்கள் என்று நகரத்தாருக்குச் சொல்கிறான், அவர்கள் இணங்கிவிடுகிறார்கள். தளபதி வந்து சேர்ந்தபோது பொழுதுபட்டுவிட்டது. அவ்வளவுதான். காற்று எதிர் என்றோ கடல் குழப்பம் என்றோ ஒரு சொல் இல்லை.

நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “தளபதி நேரத்துக்கு வந்தவராம் அப்பா. நகரத்து ஆக்கள்தான் தங்கட சாமான்களைக் காப்பாத்திறதிலேயே கண்ணா இருந்து எல்லாத்தையும் விட்டிட்டினமாம். தளபதியில ஒரு பிழையும் இல்லையாம்.”

“அப்பிடியே எழுதியிருக்கு?”

“ஓம் அப்பா.”

“பிறகு அவனுக்கு என்ன நடந்தது?”

“ஒண்டும் நடக்கேல்லை. வீட்ட போயிட்டார்.”

அப்பா கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தையே நெடுநேரம் பார்த்தார். பக்கத்தில் இருந்த வரைபடத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு மூடி மேசையில் வைத்து, “சரி, இவ்வளவும் காணும்” என்றார். அதன் பிறகு நாங்கள் அதை வாசிக்கவே இல்லை.

ஜூனில் பெருநாள். பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாட்டு வரிசை. மஞ்சள் மட்டைபோட்ட மலர், மை காயாத மணம். ‘இரண்டாவது வள்ளத்தில் சாமான்களை ஏற்றுவதில் ஏற்பட்ட தாமதம் காரணமாகப் புறப்பாடு விடியும்வரை பிந்த நேர்ந்தது’ என்று அப்பா எழுதியிருந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன், எங்களை இனி அனுப்பமாட்டார்கள் என்று உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அன்ரி சுவரோரம் நின்று வாசித்தார். வாசித்து முடித்து மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே அப்பாவிடம் வந்தார்.

“மாஸ்ரர், என்ர மனிசன் ஒரு பையும் கொண்டுவரேல்லை. உடுத்த சாரத்தோட வந்தவர்.”

“பொதுவா எழுதினது, பிள்ளை…”

அன்ரி சாப்பிடாமலே வெளியேறினார். அடுத்த நாள் தொடக்கம் அவருடைய மகள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவளுக்கு ‘சூட்கேஸ்’ என்று பட்டம் வைத்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? உன்ர அப்பா சூட்கேஸ் ஏத்தப்போய்ச் செத்தவர் என்று சொன்னது யார்? நீங்கள்தான். பக்கத்தில் நின்று சிரித்தது நான். ஆவணியில் அன்ரி ஸ்காபரோவுக்கு வீடு மாறினார்.

அப்பா பிறகு எதுவும் எழுதவில்லை. யாராவது தலைவர் என்று கூப்பிட்டால் கேட்காதவர்போல இருப்பார். அவர் இறந்து பதினொரு வருடம். பல்கலைக்கழகத்தில் நான் அதே புத்தகத்தை மறுபடி எடுத்து முழுதும் வாசித்தேன். அந்தத் தளபதி தன்னை யாரோ ஒரு மூன்றாம் ஆளைப்போல எழுதியிருந்த விதம் அப்போதுதான் உறைத்தது. என் பொய்யால்தான் அப்பா பொய் எழுதினார், நான்தான் அவர் கையைத் திருப்பினேன் என்று நாற்பது வருடமாக இந்தப் பாரத்தைக் காவித் திரிந்தேன்.

இந்த வசந்தத்தில் மனம் பொறுக்காமல் ரொறொன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்விலுக்குக் காரை விட்டேன். அன்ரி இப்போது மகளோடு அங்கே இருக்கிறார். புது வீடு, மரங்கள் இன்னும் இடுப்பளவுதான். மகள் கதவைத் திறந்து, “வாங்கோ அக்கா” என்று சொன்னாள், நேற்றுத்தான் பார்த்தவள் மாதிரி. அன்ரி மேசையில் கறிக்குப் போஞ்சிக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“புத்தகத்தில அப்பிடி இல்லை, அன்ரி. நான்தான் மாத்திச் சொன்னனான். அப்பா என்னை நம்பி எழுதினவர்.”

அன்ரி கையிலிருந்த போஞ்சியை முறித்துப் போட்டார்.

“உன்ர அப்பா எட்டாம் வகுப்பில எனக்குச் சரித்திரம் படிப்பிச்சவர். தெரியுமோ உனக்கு?”

“தெரியாது.”

“கிரேக்கத்தில ஒரு தளபதி. நகரத்தைக் காப்பாத்தப் போய்ப் பிந்திப்போனான். இருபது வருசம் நாட்டை விட்டுக் கலைச்சவங்கள். அவன் ஒரு சாட்டும் சொல்லாமல் தன்ர பிழையைத் தானே எழுதி வைச்சான், அதாலதான் அவன் எழுதின மிச்சத்தையும் நம்பலாம் எண்டு மாஸ்ரர் சொல்லுவார். சொல்லேக்க அவருக்குக் கண் கலங்கும். ஒவ்வொரு வருசமும் சோதினையில கேக்கிற கேள்வி அது. அந்தப் புத்தகம்தான் வாசிக்கிறியள் எண்டு இவள் வந்து சொன்னோடன, மாஸ்ரர் எழுதத்தான் போறார் எண்டு நான் எவ்வளவு சந்தோசப்பட்டனான்.”

அன்ரி அடுத்த போஞ்சியை எடுத்தார்.

“அவர் உன்னை நம்பினவர் இல்லை, பிள்ளை. நீ சொல்லட்டும் எண்டு விட்டவர்.”

அழுதேன். முதலில் ஆறுதலால், பிறகு கோபத்தால். அப்பாமேல் எனக்குக் கோபம் வந்தது அதுதான் முதல்தரம். பதினொரு வயதுப் பிள்ளையின் தோளில் ஒரு பெரிய மனிதன் அதை இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் அன்று அயன்பெட்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தவரும் அவர்தான். அந்தப் பக்கத்தை என் வாயால் கேட்டுவிட்டால் எழுதிவிடலாம் என்று துணிந்துதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அரைநாள் தூரம்வரை வந்துவிட்டார்.

“இப்ப எழுதட்டோ அன்ரி? இந்த வருச மலரில?”

“எனக்கு எழுபதாகப் போகுது. எனக்கு இனி என்னத்துக்கு? அவளைக் கேள்.”

மகள் குசினி வாசலில் சாய்ந்து நின்றாள். “எழுதுங்கோ அக்கா. போன வருசம் என்ர மகன் ஹிஸ்ட்ரி புரொஜெக்டுக்கு அந்தப் பழைய மலரைத்தான் ஸ்கான் பண்ணிக்கொண்டு போனவன். தன்ர தாத்தா சாமான் ஏத்திப் பிந்தினதால நாலு பேர் செத்தவை எண்டு வகுப்பில எழும்பி நிண்டு சொன்னவன். ஏ பிளஸ் குடுத்தவை.” அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். மேலே உள்ளதில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். கீழே இருப்பதை மட்டும் வெட்டாமல் போடுங்கள். அந்தத் தளபதி எழுதிய விதத்தில், சாட்டு ஒன்றும் சேர்க்காமல் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது வள்ளம் தலைவருக்காகக் காத்து நின்றது. தான் வரும்வரை எடுக்கவேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். அவர் சங்கத்தின் முத்திரையை எடுக்கத் திரும்பிப் போனார். அவர் கரைக்கு வந்தபோது விடிந்திருந்தது. வள்ளத்தில் சாமான்கள் எதுவும் இருக்கவில்லை. வள்ளத்தை ஓட்டியவர் அவரை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர் போகவில்லை.